வழியை மறித்த லாரி

பானெட்டைத் திறந்துபோட்டு நிற்கிறாள் தங்கை. அப்பா இருவருக்குமாக விட்டுப்போன பழைய கார், காய்ச்சல் கண்டவனைப்போல் அனத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்குகிறது. வாசலை அடைத்து லாரியை நிறுத்திய பழைய இரும்பு வியாபாரி, காரை இழுத்துக்கட்டச் சங்கிலியை அவிழ்க்கிறார். அந்தச் சத்தம் அவள் பல்லைக் கூசவைக்கிறது. “இஞ்சின் போச்சும்மா. கையெழுத்தப் போடு,” என்று விற்பனைத் தாளை நீட்டுகிறான் அண்ணன். “தண்ணி நிறைய இருக்கு, பெல்ட்டும் இறுக்கமா இருக்கு. அப்புறம் என்ன போச்சு?” என்றபடி வாங்குகிறாள். கையெழுத்துப் போடவில்லை. குனிந்து, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையை எடுக்கிறாள். பின்னால் சுற்றும் விசிறி காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வழுக்கி விழுகிறது. விரலால் தடவிப் பார்க்கிறாள். பூச்சி அடைக்கக்கூடாதென்று அண்ணன் பார்த்துப் பார்த்துக் கட்டிய கொசுவலை, தூசி அப்பிக் கம்பளியாகக் கிடக்கிறது. “உன் கைவேலைதாண்ணா,” என்று ஒரே இழுப்பில் கிழித்தெறிகிறாள். தாளை எடுத்து மறுபடி வைக்கிறாள். பட்டென்று ஒட்டிக்கொள்கிறது. சங்கிலிச் சத்தம் நின்றுவிட்டது. அவள் தாளைப் பிய்த்தெடுத்து அண்ணன் கையில் திணிக்கிறாள். கையெழுத்துக்கு விட்ட வெற்றிடத்தில் ரேடியேட்டரின் அழுக்குக் கோடுகள் வரிவரியாய்ப் பதிந்திருக்கின்றன. பானெட்டை அறைந்து மூடி, உள்ளே ஏறி உட்கார்கிறாள். முள் சிவப்பைவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. அது பாதி இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுக் கியரைப் போடுகிறாள். “லாரிய எடுக்கச் சொல்லுண்ணா. வண்டி வெளிய வரணும்.”