மூன்று கெஜம்

அழகையாவுக்கு எப்படியாவது அந்த வேலை கிடைத்துவிட வேண்டும் என்றுதான் தர்மராசா இந்தக் காலைப் பனியிலும் முழங்காலில் நின்று புல்லை விலக்கிக்கொண்டிருக்கிறார் என்று நில அளவைக்காரர் மொஹிதீன் நினைத்தார். "கூடப் படிச்ச ஆளுக்காக இவ்வளவு பாடுபடுறவர இப்பதான் காணுறேன், கிளாக்கர்" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்.

துருப்பிடித்த இரும்பு முளையின் தலை புல்லுக்குள் கையில் தட்டுப்பட்டதும் தர்மராசா அதைச் சுற்றியிருந்த மண்ணை விரலால் சுரண்டத் தொடங்கினார்.

ஊவா மாகாணப் பள்ளிக்கூடங்களுக்கு ஓட்டப் பயிற்சியாளராக அழகையாவை நியமிக்க மேலிடத்தில் தீர்மானமாகியிருந்தது. 1950ஆம் ஆண்டில் அவர் நாட்டிய சாதனை சரியானதுதானா என்று உறுதிப்படுத்தி எழுதும்படி விளையாட்டுச் சங்கச் செயலாளருக்குக் கடிதம் வந்திருந்தது. செயலாளர், தர்மராசா.

பதுளையின் இந்தப் பழைய மைதானத்தில்தான் அந்த இருநூற்றிருபது கெஜ ஓட்டம் நடந்தது. அழகையா முதலாவது, தர்மராசா இரண்டாவது. இடைவெளி ஒரு முழம்.

கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வெறுங்காலோடு வந்தவன் அந்த ஒரு முழத்தைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போனான், ஓடி வென்றான், பத்திரிகையில் படமானான். தொடைத்தசை கிழிந்து ஓட்டத்தை விட்ட பிறகும் ஹாலிஎலப் பள்ளிக்கூடத்தில் 'கோச்' என்று பெயரெடுத்தான். தர்மராசா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகக் கோப்புக் கட்டினார். அந்தப் பதுளை ஓட்டத்தின் பத்திரிகைப் படத்தில் அழகையாவின் தோளுக்குப் பின்னால் தெரிந்த அரைக் காது தன்னுடையது என்று மனைவி யோகம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

லீவு போட்டுவிட்டு ஹாலிஎலவுக்குப் போய், வேலி ஓரமாக நின்று பயிற்சியைப் பார்த்துவிட்டு வருவதும் உண்டு. அழகையா மெதுவாக ஓடும் பிள்ளைகளை நாலடி முன்னே நிறுத்தி, கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பின்னால் விட்டு விசில் ஊதுவார். இது பயிற்சியா தருமமா என்று தர்மராசா கந்தோரில் மற்றக் கிளாக்கர்மாரிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வருஷம் ஹாலிஎலப் பிள்ளைகள் ஒன்பது கிண்ணங்களோடு ரயிலேறியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பதினொரு வருஷமாக அவர் மனதைத் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு நம்பிக்கைதான். வளைவுள்ள ஓட்டத்தில் வெளிப் பாதையில் ஓடுகிறவன் அதிகத் தூரம் சுற்ற வேண்டும். அதை ஈடுசெய்ய அவன் புறப்படும் முளையை முன்னால் தள்ளி அடிப்பார்கள். எவ்வளவு முன்னால் என்பது கண்ணுக்குப் பிடிபடாது. தன்னுடைய நாலாம் பாதையின் முளையைப் போதிய அளவு முன்னால் அடிக்கவில்லை, கூடுதல் தூரம் ஓடியதால்தான் தோற்றோம் என்று அவர் நம்பினார். அந்தப் போட்டிக்குப் பிறகு மைதானம் கைவிடப்பட்டதால் முளைகள் அன்றிருந்தபடியே இருந்தன.

மொஹிதீன் முதலில் அழகையாவின் பாதையை வளைவோடு நாடா பிடித்து அளந்தார். சரியாக இருநூற்றிருபது கெஜம். பிறகு நாலாம் பாதையை அளந்தார். மறுபடியும் அளந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பிழை இருக்கு, கிளாக்கர். மூணு கெஜம்."

தர்மராசாவின் முகம் மலர்ந்தது. "கூடத்தானே?"

"இல்ல. குறைய."

முளையைத் தேவைக்கு மேல் முன்னால் அடித்திருக்கிறார்கள். தர்மராசா மூன்று கெஜம் குறைவாக ஓடியும் தோற்றிருக்கிறார். முளை அடித்தவர் பள்ளிக்கூட விளையாட்டு மாஸ்டர் வீரசிங்கம். இவன் தேறமாட்டான் என்று பரிதாபப்பட்டுப் பிச்சை போட்டிருக்கிறார். அவர் செத்து நாலு வருஷம், இனிக் கேட்கவும் வழியில்லை.

ஆனாலும் உள்ளே எரிந்த நெருப்பு அவிந்துவிடவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, முழங்காலில் வைத்து அழகான கையெழுத்தில் எழுதினார்: 'மைதானத்தின் அளவில் மூன்று கெஜப் பிழை உள்ளது. ஆகவே அப்போட்டியின் சாதனையை உறுதிப்படுத்த இயலாது.' எந்தப் பாதையில் பிழை என்று எழுதவில்லை. அதை மொஹிதீன் சுட்டிக்காட்டியபோது, மேலிடத்தார் அதைக் கேட்கவில்லையே என்றார். மொஹிதீன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

மைதானத்தை அளக்கிற செய்தி எப்படியோ ஹாலிஎலவுக்கு எட்டியிருந்தது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அழகையா, ஒரு காலை இலேசாக இழுத்தபடி பனிக்குள்ளிருந்து நடந்து வந்தார். தர்மராசா தாளை உயர்த்திக் காட்டினார். இந்த நிமிஷத்துக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார்.

"அளவு பிழை, அழகையா. மூண்டு கெஜம். இண்டைக்கே எழுதி அனுப்பப் போறன். உம்மட சாதனை இனி நிக்காது."

அழகையா தாளைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்தார்.

"நாலாவது முளைதானுங்களே?"

தர்மராசா தாளைக் கீழே இறக்கினார்.

"மாஸ்டர் எனக்கு இரக்கப்பட்டது உமக்கு அப்பவே தெரியுமோ?"

"அவர் இரக்கப்படலைங்க. முன்னால துரத்திப் பிடிக்க ஒரு ஆள் இல்லாட்டி எனக்கு வேகம் வராது." அழகையா தலையைக் குனிந்துகொண்டார். "உங்கள முன்னால நிறுத்தச் சொல்லிக் கேட்டது நான்தாங்க."