ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

“ஞாயித்துக்கிழமை மட்டும் கெட்டுப்போற வண்டிய நான் இன்னும் பார்த்ததில்ல, பெரியவரே.”

நிவெஸ் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சீட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே இழுத்தாள். ஓரெஸ்தே தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். இதே கோளாறுக்கு இது நாலாவது திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமையானால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரியும். கோளாறு காட்டும் கருவியைச் சொருகிப் பார்த்தால் ஒரு வாரம் பக்கத்து சீட்டைக் குற்றம் சொல்லும், மறுவாரம் பெல்ட்டைச் சொல்லும். கருவி காட்டிய கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு அவள் ஊரைச் சுற்றி ஓட்டினால் சமர்த்தாக வரும். பேட்டரியை மாற்றியாகிவிட்டது. சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் ஒயர் இணைப்பை மூன்று தடவை பிரித்துத் துடைத்தாகிவிட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை வண்டிச் சோதனை. விளக்கு எரிந்தால் சான்று தரமாட்டார்கள். சான்று வராவிட்டால் வண்டியை விற்றுவிட, பொலோன்யாவில் இருக்கும் மகன் ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான். எழுபத்தாறு வயதில் அப்பாவுக்கு இந்த வண்டி எதற்கு என்பது அவன் கட்சி.

“உங்க சார்தீனியாவுல கழுதைக்கும் கம்ப்யூட்டர் மாட்டித்தான் வைத்தியமா?” என்றார் ஓரெஸ்தே.

“கழுதை வலிக்கிற இடத்தக் காட்டிரும். உங்க வண்டி வாரம் ஒரு பொய் சொல்லுது.”

அவர் சிரித்தார். நிவெஸ் சார்தீனியாத் தீவிலிருந்து இந்த வட இத்தாலிய ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவர் கார் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் சோதனை ஓட்டுநராக இருந்தவர். அவள் ஒயரை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்த நேரம் முழுக்க அந்தக் காலத்தையே பேசிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடிக்காத வண்டியில் விடியற்காலையில் பவுல்லோ மலைப்பாதை. முதுகு ஒடியும், காது அடைத்துப்போகும், ஒருமுறை பிரேக் போய் வைக்கோல் போரில் புகுந்ததில் இரண்டு விலா எலும்பு முறிந்தது. மேலே சத்திரத்தில் சுடச்சுட திஜெல்லே ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கிடைக்கும். ரோமானா கம்பெனிச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கம்பெனி வண்டியில் வெளியாளை ஏற்றக்கூடாது. ஏற்றினார். அரை மாதச் சம்பளம் பிடித்தார்கள். மூன்றாம் மாதம் கல்யாணம்.

“வளைவுல கத்துவா, பயப்படுவான்னு பார்த்தேன். வாயே திறக்கல. வண்டியோட சேந்து சாஞ்சா, அவ்வளவுதான். இப்பவும் ஞாயித்துக்கிழமை அதே பாதைதான் நாங்க.”

நிவெஸ் கையை உதறினாள். விரலில் மணல் ஒட்டியிருந்தது. சீட் நகரும் தண்டவாளம் முழுக்க மணல். கடற்கரைக்குப் போனீர்களா என்று கேட்டாள்.

“ரோமானாவுக்குக் கடல்னா உசுரு” என்றார் அவர், தொப்பியைப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

“உங்க வீட்டம்மா உசரமா?”

“என் தோள் வரைக்கும் வருவா.”

“பின்ன ஏன் அவங்க சீட் கடைசிவரைக்கும் பின்னால கிடக்கு?”

அவர் சற்று யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை முன்னால் இழுப்பதாகவும், வீட்டுக்கு வந்ததும் தானே பின்னால் தள்ளிவிடுவதாகவும் சொன்னார்.

நிவெஸ் தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வாரமாகத் தனியாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் கருவி மட்டும். சீட்டை முன்னால் இழுத்து, மேலே ஆள் எடையும் ஏறி, வளைவும் வந்தால்தான் அடியில் ஏதோ ஒரு ஒயர் நசுங்குகிறது. உடனே சீட்டை முன்னால் இழுத்து உட்காரப் போனாள். வயிறு டேஷ்போர்டில் இடித்தது. முழங்கால் உள்ளே போகவில்லை.

“சிரிக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கிட்டு மலைக்குப் போய்ட்டு, அப்படியே இங்க வாங்க. சீட்ட நகத்தக்கூடாது, யாரும் இறங்கக்கூடாது. எந்த இடத்துல நசுங்குதுன்னு நான் கண்ணால பாக்கணும்.”

ஓரெஸ்தே முகம் சுருங்கியது. ரோமானா பட்டறைக்கெல்லாம் வரமாட்டாள் என்றார். வேறு வழி இல்லையா என்று கேட்டார்.

“இருக்கு. புதன்கிழமை தோத்துட்டு மகன்கிட்ட சாவியக் குடுக்கறது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்காகவே பட்டறையைத் திறந்து வைத்தாள். மூன்றரைக்கு வண்டி வந்து நின்றது. சரிந்த முன்கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. ஓட்டுநர் பக்கம் போய் ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தாள்; அப்பால் இருந்ததை அவர் உடம்பு மறைத்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அகப்பட்டுது, பெரியவரே. அரைமணி வேலை. புதன்கிழமை ஜெயிச்சிட்டு வருவீங்க.”

வண்டியைச் சுற்றி மறுபக்கம் போனாள். முதல்முறை பார்க்கிற அம்மா. எண்ணெய்க் கையோடு எப்படிக் கைகொடுப்பது என்று உள்ளங்கையைச் சட்டையில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

முன்னால் இழுத்த சீட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மணல் மூட்டைகளுக்கு பெல்ட் போட்டிருந்தது.

“கம்பெனியில இன்ஜினியர் வராத நாள்ல இப்படித்தான் கட்டுவோம்” என்றார் ஓரெஸ்தே, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. “சரியா ஐம்பத்து நாலு கிலோ, ரோமானா எடை. மூணு வருஷம் முன்னால, அவள அடக்கம் பண்ண மறுவாரம், வெறும் சீட்டோட போய்ப் பார்த்தேன். வளைவுல வண்டி எனக்குப் புரியவே இல்ல.”