தொப்பி திரும்பும் பக்கம்

இடைவேளைக்கு விசில் அடித்ததுதான் தாமதம், சுஹைர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்.

"கோச், எண்ட மகளோட உங்களுக்கு என்ன கோவம்?"

லோறன்ஸ் தண்ணீர்ப் போத்தலை மூடினான். "ஒரு கோவமும் இல்ல நானா." ஊரில் எல்லோருக்கும் சுஹைர் நானாதான், அண்ணன் மாதிரி.

"அப்ப ஏன் ஒவ்வொரு தரமும் அவள களப்புப் பக்கமே ஓட விடுறீங்க? சனமெல்லாம் கடல் பக்கம் நிக்குது. ரெண்டு தரம் பந்தக் கோட்டுக்கு அங்கால கொண்டு போனாளாம். எனக்குத் தெரிஞ்சது அவட முதுகு மட்டுந்தான்."

லோறன்ஸ் கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் முகாமில் வேலை செய்கிறவன். அங்கே தங்கிய அமெரிக்கர் ஒருவர் விட்டுப்போன கூர்முனைப் பந்தோடு, மாம்புரிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புட்போல் பழக்குகிறான். இடித்து விழுத்துகிற வேலையெல்லாம் கிடையாது. இடுப்பில் செருகிய நாடாவை உருவினால் பந்தோடு ஓடுகிறவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் பழக்கியவை மூன்றே மூன்று ஓட்டங்கள். கிட்ட, தூர, குறுக்கால. அவற்றைக் கீறி வைத்த கொப்பி எப்போதும் அவன் கக்கத்தில் இருக்கும். மைதானத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்புநீர் ஏரி; எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அவனுடைய தொப்பி சொல்லும். தொப்பியின் முனை திரும்புகிற பக்கம் சுஹைரின் மகள் பஹ்மா ஓடுவாள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் ஓடி ஏமாற்றுவார்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் மண்டையில் ஏற்றக் கூடாது என்பது அவன் கொள்கை.

சுஹைருக்கு அந்தக் கொள்கையெல்லாம் வேண்டாம். மகள் பந்து பிடிப்பதை ஒரு தரம், ஒரே ஒரு தரம், முன்னால் நின்று கண்ணாரப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கரையில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அவர் மீன் ஏலம் கூறுகிறவர். வாயைத் திறந்தால் கடலில் நிற்கிற வள்ளத்துக்கும் கேட்கும். மகள் விளையாடும்போது அந்த வாய் மூடியதாகச் சரித்திரம் இல்லை. போன மாத ஆட்டத்தில் பஹ்மா அவருடைய மூக்குக்கு முன்னாலேயே ஐந்து தரம் பந்தை நழுவவிட்டாள். பந்தில் யாரோ எண்ணெய் பூசிவிட்டார்கள் என்று சுஹைர் முடிவு கட்டினார்.

"சரி, நானே களப்புப் பக்கம் போய் நிக்கிறன். பாப்பம்."

பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். மைதானத்தைச் சுற்றி அந்தக் கதிரை போவதை எல்லோரும் பார்த்தார்கள். லோறன்ஸும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கடல் பக்கம் திருப்பினான்.

பஹ்மா கடல் பக்கம் ஓடினாள்.

"அங்க இல்ல மகள், இங்க வா. கைய விரி. இங்கால, இங்கால."

மகள் திரும்பியும் பார்க்கவில்லை. பந்து வந்து அவள் கையில் சொன்னபடி உட்கார்ந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது இன்னொன்றும் பிடித்துக் கோட்டைத் தாண்டினாள். எதிர்த்து ஆடிய பள்ளிவாசல்துறைப் பிள்ளைகள் தோற்றார்கள். மாம்புரிச் சனம் பஹ்மாவைத் தூக்கியது. சுஹைருக்கு இந்தத் தரமும் முதுகுதான் கிடைத்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதை ஆத்திரமாக மாற்றிக்கொண்டு லோறன்ஸிடம் போனார்.

"நான் அங்கால போனதும் தொப்பியத் திருப்பினீங்க. நான் கண்டன்."

"ஓம் நானா, திருப்பினன்."

"ஒத்துக்கொள்றீங்களா?"

"வெண்டுட்டம்தானே நானா. விடுங்க."

"விட ஏலாது. அந்தக் கொப்பியத் தாங்க. என்ன திட்டம் போட்டிருக்கீங்க எண்டு நானும் பாக்கணும்."

"வேணாம் நானா."

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா அவர். லோறன்ஸின் கக்கத்திலிருந்த கொப்பியை இழுத்து விரித்தார். ஐந்து வட்டங்கள், ஐந்து அம்புக்குறிகள். கோட்டுக்கு வெளியே, தனியாக, பென்சிலால் அழுத்திக் கீறிய பெரிய கறுப்புப் புள்ளி ஒன்று.

"இது யாரு? வெளியால நிண்டு விளையாடுற ஆளா?"

கொப்பியின் அடியில், மகளின் வீட்டுப் பாடத்தில் சுஹைர் தினமும் பார்க்கிற அதே சாய்ந்த எழுத்து.

"கறுப்புப் புள்ளி எங்கட வாப்பா. அவர் நிற்கிற பக்கம் என்னை ஓட விட வேண்டாம் சேர். சத்தம் போடுவார், எனக்குப் பந்து நழுவிடும். அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க, பாவம்."