ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும்

“அழுத்துங்க. நல்லா அழுத்துங்க. அப்படியே பிடிங்க, விட்டுடாதீங்க.”

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வேலையில் நாள் முழுக்க அவளுக்கு இதே பாட்டுத்தான். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் சொன்னபடி செய்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. மாடிப்படிக்குக் கீழே, தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கிளட்ச் லீவரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது, கீழ் வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அக்கா.

“பிடிச்சுட்டேன். நீ உன் வேலையைப் பாரு, எக்ஸ்ரே.”

அவள் எஞ்சின் ஓரத்தில், ஆயிலை வெளியே விடும் சின்ன நிப்பிளை ஸ்பேனரால் லேசாகத் திறந்தாள். டியூப் வழியே ஆயில் குமிழ் குமிழாகப் பாட்டிலுக்குள் இறங்கியது. சட்டென்று இறுக்கிவிட்டு, “இப்ப விடுங்கக்கா” என்றாள்.

கம்பி இழுக்கிற கிளட்ச் இல்லை இது, ஆயிலில் வேலை செய்வது. உள்ளே காற்றுப் புகுந்தால் லீவர் தொளதொளத்துப் போகும். அந்த ஏரை எடுக்க ஒருத்தர் அழுத்த வேண்டும், ஒருத்தர் திறந்து மூட வேண்டும். ஒண்டிக்கட்டைக்கு ஒத்து வராத வண்டி.

அவளோ சரியான ஒண்டிக்கட்டை. வேலைக்காக வந்த ஊரில், ‘சாப்பிட்டியா’ என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. முதல் தடவை கிளட்ச் கெட்டபோது வேறு வழியில்லாமல் கூச்சத்தோடு கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். அதுவரை அக்காவுக்கும் அவளுக்கும் ‘தண்ணி மோட்டார் போடட்டுமா’வைத் தாண்டிப் பேச்சு இருந்ததில்லை.

அதற்கப்புறம் கிளட்ச் சரியாகவே இல்லை. ஏரை எடுத்தால் சில நாள் ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

“சீல் மாத்திட்டேன், வாஷர் மாத்திட்டேன். ஆயில் மட்டும் குறையுது. தரையில ஒரு சொட்டு இல்லை. எங்கதான் போகுதுன்னு தெரியலைக்கா.”

“ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிறே, உன் வண்டியில ஓட்டை எங்கேன்னு பார்க்கத் தெரியலையா உனக்கு?”

அவள் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அக்கா தையல்காரி. ரெடிமேடு வந்த பிறகு கிழிசல் தைக்க யாராவது வந்தால்தான் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற மகன் ‘சாப்பிட்டியாம்மா, வைக்கட்டுமா’ இரண்டையும் போனில் ஒரே மூச்சில் கேட்பான். அதை அவன் குரலிலேயே பேசிக் காட்டுவாள் அக்கா. பேசிக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் துடைக்கத் துணி கேட்டதும், அக்கா இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்து வெட்டுத்துணியில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தாள். கத்தரிப் பிடியின் சிவப்பு பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது.

“புதுசுதானேக்கா இது?”

“இப்ப வர்ற சாமானெல்லாம் அப்படித்தான். கடையில பளபளக்குது, கைக்கு வந்தா பல்லிளிக்குது.”

அவள் துடைத்த துணியை அக்கா கையில் வாங்கிக்கொண்டாள்.

“அந்தத் துணியைக் கைல வச்சுக்காதீங்க, கீழே போடுங்க. இந்த ஆயில் பட்டா பெயின்டையே தின்னுடும்.”

மறுபடி அழுத்தினார்கள். அவள் நிப்பிளைத் திறந்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள். “முந்தாநாள் போய்ச் சேர்ந்திருப்பேன்க்கா.”

“என்னடி சொல்றே?”

“சிக்னல்ல கிளட்ச்சைப் பிடிக்கிறேன், லீவர் சும்மா உள்ளே போகுது. வண்டி நிக்காம முன்னால இருந்த லாரிக்கு அடியிலேயே போகப் பார்த்துச்சு. மயிரிழையில தப்பிச்சேன்.”

அக்காவின் கை லீவரிலிருந்து நழுவியது. டியூபில் இருந்த ஆயில் பின்வாங்கி, காற்று உள்ளே ஏறியது.

“என்னக்கா, திறந்திருக்கிறப்போ விட்டுட்டீங்களே. மறுபடி முதல்ல இருந்து.”

அக்கா மறுபடி லீவரில் கை வைத்தாள். சொன்னபடி அழுத்தினாள், பிடித்தாள், விட்டாள். கண் மட்டும் நிப்பிளை விட்டு நகரவில்லை. கடைசிக் குமிழும் போய் லீவர் கல் மாதிரி நின்றபோது, வெயில் சுவரைவிட்டு இறங்கிப் போயிருந்தது.

அவள் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டாள். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை இனியும் தள்ளிப்போட முடியாது.

“வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்க்கா. ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல இடம் இருக்காம். மாசக் கடைசியில மாறிக்கிறேன்.”

ஹாஸ்டலில் அவளை யார் ‘எக்ஸ்ரே’ என்று கூப்பிடப் போகிறார்கள். ஆனாலும் உயிர்பயம் என்று ஒன்று இருக்கிறதே.

அக்கா கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்தாள். கீழே கிடந்த ஆயில் துணியை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு நிமிராமலே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“போயிடாதம்மா. இனிமே அந்த நிப்பிளை நான் திறக்க மாட்டேன்.”