கரண்டு வைத்த நெஞ்சு

பம்பைக்காரர்கள் மூன்றாம் முறை ஏற்றி அடித்தும் கண்ணம்மாளுக்குச் சாமி வரவில்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் ஈரப்புடவையோடு நின்றிருந்தாள். கையில் வேப்பிலைக் கொத்து. பின்னாலிருந்து அவள் நெஞ்சின் மேல் கையைப் போட்டுப் பிடித்தபடி நான். சாமி வந்தால் கீழே விழாமல் தாங்க ஒரு ஆள் வேண்டும்; பக்கத்து வீட்டுக்காரி என்று அந்த வேலையை வருஷா வருஷம் எனக்கே கொடுத்துவிடுவார்கள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அங்கே நின்றால் எல்லாவற்றையும் முதலில் பார்க்கலாம்.

முன்பெல்லாம் இவ்வளவு நேரம் ஆகாது. பம்பைச் சத்தம் காதில் விழுந்ததுமே என் கைக்கு அடியில் அவள் நெஞ்சு கயிறறுத்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக் கிளம்பும். உடனே அம்மன் பேசுவாள். மலையேறியதும் கண்ணம்மாளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. "என்னாக்கா சொன்னேன்?" என்று என்னைத்தான் கேட்பாள். நானும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்வேன்.

போன தையில் பம்பையும் இல்லாமல் பண்டிகையும் இல்லாமல் அந்த நெஞ்சு துள்ளியது. பால் கறந்துகொண்டிருந்தவள் மாட்டின் காலடியிலேயே மயங்கி விழுந்தாள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில், நெஞ்சுக்குள் ஒரு நரம்பு அதிகம் இருக்கிறது, துடிப்பைக் கிளப்பிவிடுவது அதுதான் என்றார்களாம். புது வைத்தியம். தொடை வழியாக வயரை விட்டு, கரண்டு வைத்து, அதைச் சுட்டுவிட்டார்கள்.

தொடையில் ரத்தம் கட்டிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நொண்டி நொண்டித்தான் நடந்தாள். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எங்கள் தெருப் பெண்கள் அவளுக்குக் குடம்கூடத் தூக்கிவிடவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு என்னால் தூங்க முடியாது.

காயம் ஆறியது. மயக்கமும் போனது. டாக்டர் சொல்லாத ஒன்று பிறகுதான் தெரிந்தது.

அம்மன் வருவது நின்றுபோயிருந்தது.

அமாவாசைக்கு அமாவாசை கற்பூரம் கொளுத்திப் பார்த்தார்கள். கண்ணம்மாள் கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாளே தவிர, அசையவில்லை. ஊருக்கே தெரியும். நஞ்சப்பனுக்கும் தெரியும்.

நஞ்சப்பன், கண்ணம்மாள் புருஷனுக்கு அண்ணன். சில வருஷங்களுக்கு முன்னால் அவளுடைய மூத்த மகளைத் தன் மச்சினன் தீர்த்தகிரிக்குக் கேட்டவர். கொடு என்று வாக்குச் சொன்னது கண்ணம்மாளின் வாய்தான். அம்மன் வாக்கு, கொடுத்தார்கள். ரெண்டு வருஷத்தில் அந்தப் பெண் தீர்த்தகிரியின் கிணற்றில் கிடந்தாள். கால் தவறிவிட்டது என்றார்கள். தண்ணீர் சேந்திப் பழகாத பெண்ணா என்று இழவு வீட்டிலேயே கேட்டேன். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அதே தீர்த்தகிரிக்குச் சின்னவள் மாதம்மாளைக் கேட்கிறார்கள். பிளஸ் டூ எழுதிவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிற பெண்.

கண்ணம்மாள் முடியாது என்றாள். புருஷன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பொம்பளைப் பேச்சு எடுபடாது, அம்மன் சொல்லட்டும் என்று நஞ்சப்பன் முடித்துவிட்டார்.

"இன்னைக்கு அம்மா வாயத் தொறக்கலைன்னா, சம்மதம்னு அர்த்தங்க" என்று பெரிய மனுஷர்களிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார்.

வெற்றிலைபாக்குத் தட்டு தயாராக இருந்தது. பக்கத்தில் தீர்த்தகிரி, சலவை வேட்டியில். கழுத்துவரை பவுடர்.

மாதம்மாள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் காலில்தான் முதலில் தெரியும்.

கால் அசையவில்லை.

பம்பை இறங்கியது. நஞ்சப்பன் குனிந்து தட்டை எடுத்தார்.

கண்ணம்மாள் அலறினாள்.

அவிழ்ந்த கூந்தல் என் முகத்தில் அறைந்தது. வேப்பிலை பறந்தது. பிடித்திருந்த என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலடி முன்னால் போனாள்.

"ஒரு பொண்ண முழுங்குன வூடுடா அது. இன்னொருத்தி அந்த வாசப்படிய மிதிச்சா, அந்த வூட்டுல வெளக்கு எரியாது."

சனம் மொத்தமும் கீழே விழுந்து கும்பிட்டது. தீர்த்தகிரி பவுடரோடு மண்ணில் கிடந்தான்.

நஞ்சப்பன் மட்டும் விழவில்லை. கையில் தட்டோடு நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, கரண்டு வச்சுச் சுட்ட நெஞ்சு இது. நாலு மாசமா வராத அம்மா இப்ப மட்டும் எப்பிடி வரும்? புடிச்சிருக்கறது நீதான. வந்திருக்கறது அம்மாவா, இவளா, சொல்லு."

பம்பை நின்றது. விழுந்து கிடந்த தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து டி.வி. முன்னால்கூட அவ்வளவு சனம் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணம்மாள் ஆடிக்கொண்டே இருந்தாள். மாதம்மாள் இப்போது என் வாயைப் பார்த்தாள்.

"குதிர மாதிரி ஓடுதுங்க" என்றேன். "எம்பேச்சுல நம்பிக்க இல்லைன்னா, நீங்களே நெஞ்சுல கைய வச்சுப் பாருங்க."

நஞ்சப்பனின் கை பாதி தூரம் வந்தது. அந்தக் கையை ஊரே பார்த்தது.

வந்திருப்பது அம்மன் என்றால் தொடக்கூடாது. கண்ணம்மாள் என்றால் தம்பி பெண்டாட்டி, அவளையும் தொடக்கூடாது.

கை இறங்கியது. பிறகு மெல்ல அவரும் இறங்கினார், மண்ணில் முட்டி போட்டு. தட்டிலிருந்த பாக்கு உருண்டு ஓடியது.

பம்பை மறுபடி ஏறியது. என் உள்ளங்கைக்கு அடியில் கண்ணம்மாளின் நெஞ்சு, ஏர் அவிழ்த்துவிட்ட மாடு வீட்டுக்கு வருவது போல, அடிமேல் அடி வைத்து நிதானமாக நடந்துகொண்டிருந்தது.