போர்டு மேல் ஒட்டின போஸ்டர்

வளைவில் ‘வேகம் 30’ என்று ஒரு போர்டு நின்றது. குட்டியோடு ரோட்டைக் கடக்க வந்த நாய் அதனிடம் கெஞ்சியது.

“அண்ணே, வண்டிங்கள மெதுவா போகச் சொல்லேன். இவனுக்குப் பசி. கறிக்கடை அந்தப் பக்கம் இருக்கு.”

“எப்படிச் சொல்றது? என் மூஞ்சி மேலயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிட்டானுங்க.”

“யாருக்கு?”

“நேத்து இங்க பைக்ல பறந்து வந்து செத்தானே, அவனுக்கு. ஒட்டினது அவன் கூட்டாளிங்க.”

“உன் மூஞ்சி தெரிஞ்சப்போ மட்டும் மெதுவா போனாங்களாக்கும்!”

அதற்குள் அந்தக் கூட்டாளிகளே பைக்குகளில் சீறிக்கொண்டு வந்தார்கள். குட்டி ரோட்டில் கால் வைத்தது. நாய் பாய்ந்து அதன் கழுத்தைக் கவ்வி இழுத்தது.

குட்டியை ஓரமாகக் கீழே விட்டுவிட்டு, நாய் வந்த வழியே திரும்பியது.

“பட்டினியாவே கிடப்போம், வாடா. நமக்கெல்லாம் எவனும் போஸ்டர்கூட ஒட்ட மாட்டான்.”