மேல் அறைப் பொடியன்

"அவனுக்கு ஏன் அக்கா முட்டைப்பொரியல்? அவன் என்ன உங்கட மருமகனா?"

புளோறன்ஸ் பகிடி மாதிரித்தான் கேட்டாள். உள்ளுக்குள் எரிச்சல்.

சரோஜினிதேவி சிரிக்கவில்லை. "பாவம், தனிய இருக்கிற பிள்ளை" என்றபடி சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அது தொண்ணூற்றோராம் ஆண்டு. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் புளோறன்ஸின் வீட்டில் இரண்டு அறைகள் வாடகைக்கு. கீழே, கரவெட்டியிலிருந்து வந்த சரோஜினிதேவி. லண்டனிலுள்ள மகளிடம் போக விசாவுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். ஒரே மகன் ஜெயகரன் இயக்கமொன்றில் சேர்ந்து, ஆயுதப் பயிற்சிக்குப் போன இடத்தில், இந்தியாவிலேயே செத்துப்போனான். எப்படி என்று அவர் கதைப்பதில்லை.

மேலே தவநேசன். ஏஜென்ட்டை நம்பிக் கனடாவுக்குக் காத்திருக்கிறவன். எவருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்கமாட்டான்.

பெற்ற பிள்ளையை இவ்வளவு கெதியாய் மறந்துவிட்டு, ஆரோ ஒருத்தனுக்கு ஊட்டாத குறையாய்... புளோறன்ஸுக்கு விளங்கவேயில்லை.

நகரத்தில் குண்டு வெடித்த கிழமை, பின்னேரம் பொலிஸ் வந்தது. ரோட்டில் ஜீப் நிறையத் தமிழ்ப் பொடியன்கள். தவநேசனைப் படியால் இழுத்து வந்தார்கள்.

"மே கவுத?" இவன் ஆர் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கத்தினார்.

புளோறன்ஸ் சுவரோடு ஒதுங்கினாள். சரோஜினிதேவி ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தார்.

"மகே புத்தா, மாத்தயா! என்ரை மகன் ஐயா! எனக்கு வேற ஆருமில்லை!"

அவன் தோளில் முகம் புதைத்து அழுதார். இன்ஸ்பெக்டர் அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனைத் தள்ளிவிட்டுப் போனார்.

தவநேசன் படியில் குந்தியிருந்து குலுங்கி அழுதான். அவர் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அடுத்த நாள் புளோறன்ஸின் தம்பி சூசைதாசன் வந்தான். அவனும் ஒரு காலம் இயக்கத்தில் சேர்ந்து, இந்தியாக் காம்ப்பிலிருந்து தப்பி வந்தவன். வாசலில் தவநேசனைக் கண்டதும் அக்காவை அறைக்குள் இழுத்துப்போனான்.

"அக்கா, இவனையா வீட்டில வைச்சிருக்கிறாய்? எங்கட காம்ப்பில உளவாளி எண்டு சந்தேகப்பட்ட சொந்தப் பொடியளையே ஒரு கூடாரத்தில அடைச்சுவைச்சு அடிச்சவங்கள். அந்தக் கூடாரத்துக்கு இவன்தான் காவல். ராவில ஆக்களைக் கூட்டிக்கொண்டு போவான். போன ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை."

"கரவெட்டி ஜெயகரன் எண்டு ஒருத்தன்..."

"ஓம். அவனையும் இவன்தான்."

அன்று பகல் முழுக்கப் புளோறன்ஸ் வாசலுக்கும் குசினிக்குமாய் நடந்தாள். சொன்னால் அந்த மனுசி தாங்குமா? சொல்லாமல் விட்டால், மகனைக் கொன்றவனுக்கே சோறு போட்டுக்கொண்டிருக்குமே!

கடைசியில் குசினிக்குள் போய், கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அவனைப் பொலிஸிட்டயே விட்டிருக்கலாம் அக்கா. நீங்கள் தெரியாமல் காப்பாத்திப்போட்டியள்."

சரோஜினிதேவி அடுப்பைத் தணித்தார்.

"தெரியாமலோ? அவனைத் தேடித்தான் பிள்ளை நான் கொழும்புக்கே வந்தனான். விசா கதையெல்லாம் பொய்."

"ஐயோ அக்கா... அப்ப ஏன் இந்தச் சாப்பாடு, இந்தப் பாசம்?"

அவர் சோற்றைக் கோப்பையில் போட்டார். முட்டைப்பொரியலையும் வைத்தார்.

"என்ரை பிள்ளையை எங்க மண்ணுக்குள்ள தாட்டவங்கள் எண்டு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனாய் வாய்திறந்து சொல்லுமட்டும் அவன் உயிரோட இருக்கவேணும்."